இரண்டு டோஸ் போட்ட சிஸ்டருக்கும் கொரோனா வருமா? கேள்வி பதில் (ஆகஸ்ட் 2021)

தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக இருக்கிறேன். ஊசிக்குப் பிறகும் தொற்று வந்தவர்கள் கேளுங்கள். ஆன்டிபாடி (உடம்பு உண்டாக்கும் நோய் எதிர்ப்புப் புரதம்) ரிப்போர்ட்டோடு மட்டும் வராதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: எங்கள் வார்டில் இரண்டு டோஸும் போட்ட ஆறு பேருக்கு பாசிட்டிவ். போட்டது போலி மருந்தா சிஸ்டர்?

இல்லை. 2021 ஜனவரி 16-ல் ஆஸ்பத்திரி ஊழியர்களான நமக்குத்தான் முதலில் போட்டார்கள், இரண்டாம் டோஸ் முடித்து மூச்சு விடுவதற்குள் டெல்டா என்ற வேகமாகப் பரவும் கொரோனா வகை வந்துவிட்டது. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் எண்ணியே பார்த்தார்கள்: இரண்டு டோஸும் போட்ட 7,080 ஊழியர்களில் 679 பேருக்குத் தொற்று. போடாத 1,609 பேரில் 438. அதாவது நூற்றுக்குப் பத்துப் பேர் ஒரு பக்கம், இருபத்தேழு பேர் மறுபக்கம். எனக்கும் ஏப்ரலில் வந்தது. வார்டில் முழு கவசத்தோடு எட்டு மணி நேரம் நின்றபோது வரவில்லை. டூட்டி ரூமில் நான்கு பேர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, ஒருத்தி டப்பாவிலிருந்து இன்னொருத்தி எலுமிச்சை சாதம் எடுத்த மதியம்தான் காரணம் என்று நினைக்கிறேன், மூன்று நாளில் நால்வருக்கும் காய்ச்சல்.

கேள்வி: கோவிஷீல்டு போட்டேன், ஆன்டிபாடி நெகட்டிவ். ஊசி வேலை செய்யவில்லையா?

சொல்லியும் கேட்கவில்லை, சரி. கோவிஷீல்டு வைரஸின் கூர்முனைப் புரதத்தை மட்டும்தான் உடம்புக்குக் காட்டுகிறது. சில டெஸ்ட்டுகள் உள்ளே இருக்கும் வேறொரு புரதத்துக்கான ஆன்டிபாடியைத் தேடும். தொற்றே வராதவருக்கு அதில் நெகட்டிவ்தான் வரும். காசு தண்டம்.

கேள்வி: சிஎம்சியில் பாசிட்டிவ் ஆனவர்கள் மொத்தம் 1,350. அதில் பாதி இரண்டு டோஸ் போட்டவர்கள். இதற்குப் பெயர் பாதுகாப்பா?

போட்டவர்கள் கூட்டமே பெரிது, அதனால்தான் பாதி.

கேள்வி: மழுப்பாதீர்கள் சிஸ்டர். ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனவர்களும் போட்டதில் 64, போடாததிலும் 64. நான் படித்துவிட்டுத்தான் வருகிறேன்.

படித்தீர்கள், வகுக்கவில்லை. ஒரு கல்யாணத்தில் 7,080 பேர் சாப்பிட்டு 64 பேருக்கு வயிற்றுப்போக்கு, பக்கத்து மண்டபத்தில் 1,609 பேர் சாப்பிட்டு 64 பேருக்கு. எந்தப் பந்தியில் உட்காருவீர்கள்? ஆக்சிஜன் தேவைப்பட்டது 4 பேருக்கு, போடாதவர்களில் 11. ஐசியு 2, அங்கே 8. ஆள் கணக்கே குறைவான பக்கத்தில்தான் எண்ணிக்கை கூடுதல், கவனியுங்கள். இறந்த ஒரே ஊழியர் ஊசி போடாதவர், வேறு நோய்களும் இருந்தவர்.

கேள்வி: நடுவில் வருகிறேன். போடாதவர்கள் ஆரம்பத்திலிருந்தே வேறு மாதிரி ஆட்களாக இருந்திருக்கலாமே?

இது நல்ல கேள்வி. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை, அதனால் ஊசி தொற்றிலிருந்து 65 சதவீதம் பாதுகாத்தது என்று அந்த ஆய்வு சொல்வதைக் கல்வெட்டாக எடுக்க வேண்டாம். ஆனால் ஐசியு வரை போகப் போக இடைவெளி கூடுகிறதே, அதைத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

கேள்வி: என் ஆன்டிபாடி 38. போதுமா?

மேலே பாருங்கள்.

கேள்வி: முதல் டோஸுக்குப் பிறகு பாசிட்டிவ். இரண்டாவது எப்போது?

2021-ல் இருந்த விதிப்படி, குணமான நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து.

கேள்வி: வந்தாலும் லேசாகத்தானே போகும்? அப்புறம் ஏன் பயம்?

இஸ்ரேலில் ஷேபா ஆஸ்பத்திரியில் ஊசி முடித்த ஊழியர்கள் 39 பேருக்கு வந்தது. யாரும் அட்மிட் ஆகவில்லை, நிஜம். ஆனால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு ஆறு வாரம் தாண்டியும் இருமலோ அசதியோ விடவில்லை. நைட் டூட்டியில் அந்த அசதியோடு டிராலி தள்ளிப் பாருங்கள், லேசு என்ற சொல்லே கசக்கும். டூட்டி ரூமில் ஒவ்வொருவராகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசி போடலாமா?

எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை எழுதிய டாக்டரைக் கேளுங்கள்.

கேள்வி: ஆன்டிபாடி எந்த லேபில் பார்ப்பது...

அடுத்தவர்.

கேள்வி: டூட்டி ரூம் ஜன்னலைத் திறந்தால் ஏசி குளிர்ச்சி போய்விடுகிறது என்கிறார்கள் சிஸ்டர்.

ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறங்கள். வியர்த்தால் வியர்க்கட்டும்.