கூரே தீவில் ஒரு பருவம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஹவாய்த் தீவுகளின் வடமேற்குக் கோடியில், ஹொனலூலுவிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது கூரே பவளத்தீவு. அங்கே ஒரு களப்பருவம் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். கேளுங்கள்.

கேள்வி: அக்கா, நாள் முழுக்கப் பறவைகளோடுதானா வேலை?

பறவைகளுக்கு நடுவில்தான், ஆனால் செய்வது பெரும்பாலும் களையெடுப்பு. வெர்பெசினா என்று சூரியகாந்திக் குடும்பத்துச் செடி ஒன்று, வெளியிலிருந்து வந்தது. ஆள் உயரத்துக்கு அடர்ந்துவிட்டால் அல்பட்ரோஸ் என்ற பெரிய கடற்பறவை கூடு வைக்க இடமிருக்காது, குஞ்சுகள் உள்ளே மாட்டிக்கொண்டு வெக்கையில் சாகும். தீவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, வரிசையாக நின்று, தரையைப் பார்த்தபடியே நடப்போம். இரண்டு இலை விட்ட நாற்றைக்கூட விடக்கூடாது. ஒரே ஒரு செடி பூத்து விதை உதிர்த்தாலும் அந்த விதை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அதனால் சில வாரத்தில் அதே கட்டத்துக்குத் திரும்பியாக வேண்டும். இது சலிக்கிற வேலை, ஆனால் தீவைக் காப்பாற்றுவது இதுதான்.

கேள்வி: சுற்றுலாவாகப் போக முடியுமா?

முடியாது.

கேள்வி: என்னென்ன எடுத்துப் போகலாம்?

துணி, பை எல்லாம் புதிதாக இருக்க வேண்டும், அதையும் 48 மணி நேரம் உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். விதையும் பூச்சியும் நம் பாக்கெட்டில்தான் பயணம் செய்கின்றன. வெல்க்ரோ வைத்த எதையும் வாங்காதீர்கள், அதில் ஒட்டிய விதையை ஊசி வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: மிட்வேயில் எலிக்கு விஷம் வைத்தார்களாமே? ஓர் உயிரைக் காக்க இன்னோர் உயிரைக் கொல்வது எந்த நியாயம்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மிட்வே கூரேக்குப் பக்கத்துத் தீவு. அங்கே பெரிய எலிகளை 1990-களிலேயே ஒழித்துவிட்டார்கள், சுண்டெலி மட்டும் தங்கிவிட்டது. 2015 குளிர்காலத்தில் அது அடைகாக்கும் அல்பட்ரோஸைக் கடிக்க ஆரம்பித்தது. கழுத்திலும் முதுகிலும் உயிரோடு கொறிக்கும். தரையில் எதிரியே இல்லாமல் உருவான பறவை இது, என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது, முட்டையை விட்டு எழாமல் ரத்தம் ஒழுக உட்கார்ந்திருக்கும். வருடத்துக்கு ஒரு முட்டைதான், அதையும் இரண்டு மாதத்துக்கு மேல் அடைகாக்க வேண்டும். அந்தச் சுண்டெலியை அங்கே கொண்டுபோய் விட்டது மனிதர்கள்தான். அதைத் திருத்துவதும் நம் பொறுப்பு என்றுதான் நான் நினைக்கிறேன்.

கேள்வி: சரி, ஆனால் அந்த முயற்சி தோற்றுப்போனதே. அப்புறம் எதற்கு அவ்வளவு விஷம்?

ஆமாம், 2023 ஜூலையில் ஹெலிகாப்டரில் தூவினார்கள், சில வாரங்களிலேயே மீண்டும் சுண்டெலி தென்பட்டது. அல்பட்ரோஸ்கள் கடலுக்குப் போயிருக்கும் மாதம் பார்த்துத்தான் செய்தார்கள், ஆனாலும் ஒரு ஜோடி தப்பினால் போதும், எல்லாம் முதலிலிருந்து. தெற்கு அட்லாண்டிக் கடலில் இருக்கிற தெற்கு ஜார்ஜியா தீவில் இதே முறை பலித்து 2018-ல் எலியற்ற தீவாக அறிவித்தார்கள். ஒரு தோல்வியைக் காட்டி மொத்தத்தையும் கைவிடச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: பொறி வைத்துப் பிடித்துவிடலாமே, அக்கா?

ஒரு தீவு முழுக்கவா? கடைசி ஜோடி பொறிக்குள் வரவே வராது. இந்தப் பேச்சை இதோடு நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: பழைய ஷூவை நன்றாகக் கழுவிக் கொண்டுபோகலாமா?

மேலே சொன்னேனே. கூடாது. புதிது.

கேள்வி: நடக்கும்போது கவனிக்க வேண்டியது?

போனின் பெட்ரல் என்ற சிறிய கடற்பறவை மணலுக்குள் வளை தோண்டி வாழும், மேலே ஒன்றும் தெரியாது. கால் உள்ளே இறங்கிவிட்டால் அப்படியே மண்டி போட்டு, கையால் மணலை அள்ளி, உள்ளே பறவை புதைந்திருக்கிறதா என்று தோள் வரை கையை விட்டுப் பார்க்க வேண்டும். அவசரம் என்று விட்டுவிட்டுப் போனால் அது மூச்சுமுட்டிச் சாகும். எத்தனை தடவை கால் இறங்கினாலும் அத்தனை தடவையும் தோண்டுங்கள்.

கேள்வி: இங்கேயே இப்படி ஏதாவது செய்ய முடியுமா?

சென்னையில் ஜனவரி முதல் மாணவர்கள், முட்டையிட வரும் கடலாமைகளைத் தேடி, கடற்கரையில் ஆமை நடை போகிறார்கள், அதில் சேருங்கள். இரவு முழுக்க மணலில் நடக்கப் பிடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.