கார் மெக்கானிக் ஆக: ஐ.டி.ஐ.யா, நேரே ஒர்க்‌ஷாப்பா?

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு பாஸ். கார் மெக்கானிக் வேலையில் ஆசை. தெரிந்தவர் ஒர்க்‌ஷாப்பில் நேரே விடலாமா, ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாமா?

பதில்: ஐ.டி.ஐ.யில் சேருங்கள். ‘மெக்கானிக் மோட்டார் வெஹிகிள்’ பிரிவு 2 வருடம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தனியார் ஐ.டி.ஐ. என்றால், பணம் கட்டும் முன் அந்தப் பிரிவுக்கு மத்திய அரசின் தொழிற்பயிற்சி அங்கீகாரம் (டி.ஜி.டி.; பழைய பெயரில் என்.சி.வி.டி.) உண்டா என்று பாருங்கள். பயிற்சிக் கூடத்துக்குள்ளும் போய்ப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகிற வண்டி நிற்க வேண்டும், ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து பழுதுக் குறியீட்டைப் படிக்கும் கருவி) இருக்க வேண்டும். வெட்டி வைத்த இன்ஜினை மட்டும் பார்த்துப் படித்தால் கை பழகாது.

முடித்ததும் ஒரு சர்வீஸ் சென்டரில் அப்ரண்டிஸாகச் சேரட்டும். 1961-ம் ஆண்டுச் சட்டப்படி மாதா மாதம் உதவித்தொகை உண்டு.

நேரே ஒர்க்‌ஷாப் போனால் கழற்றி மாட்ட நன்றாகவே வரும். பழுது ஏன் வந்தது என்று அளந்து பார்க்கத்தான் சொல்லித்தர ஆள் கிடைப்பது கஷ்டம். செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறது என்று வையுங்கள். பலர் பேட்டரியை மாற்றுவார்கள், சரியாகாவிட்டால் செல்ஃப் மோட்டாரை. செய்ய வேண்டியது வேறு. சில மணி நேரம் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் முழுசாக இருக்கிறது. அடுத்து, மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் எர்த் கேபிளில்தான் கோளாறு: டெர்மினலில் பச்சை பூத்திருக்கும், இல்லை போல்ட் லூஸாகியிருக்கும், இல்லை உள்ளே இழைகள் அறுந்திருக்கும். அதே கேபிளை மீட்டரை ஓமில் (மின்தடை அளவில்) வைத்துப் பார்த்தால் ‘சரி’ என்றே காட்டும். ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் அனுப்புகிற துளி மின்சாரம் அதில் போய்விடும். செல்ஃபுக்கு வேண்டியதோ நூறு ஆம்பியருக்கு மேல்.

ஸ்கேனரும் அப்படித்தான். பி0171 என்ற பழுதுக் குறியீடு வந்தால், காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் குறைவு என்று மட்டுமே அர்த்தம். காற்று ஹோஸ் வெடித்திருக்கலாம், ஏர்ஃப்ளோ சென்சர் அழுக்காகியிருக்கலாம், பம்ப் பிரஷர் குறைந்திருக்கலாம். குறியீட்டைப் பார்த்தவுடன் சென்சரை மாற்றுகிற பழக்கம் அவனுக்கு வரவே கூடாது.

மேலே படிக்க விரும்பினால், இந்த 2 வருடப் படிப்பை வைத்தே பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மின்சார வண்டி பழகுவதென்றால் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அதுவரை அந்த வண்டியில் உயர் வோல்ட் ஓடுகிற ஆரஞ்சு நிறக் கேபிள் எதிலும் கை வைக்கக் கூடாது என்று இப்போதே சொல்லி வையுங்கள்.