தொங்கிய காதுகள்

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். இப்போது குரல்கள் கேட்பதில்லை, ஆனால் கை நடுங்குகிறது. மகிழ்ச்சி தரும் டோபமைனையே அந்த மாத்திரை தடுக்கிறது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். நிறுத்திவிடலாமா? டோபமைனைக் கண்டுபிடித்த கார்ல்சனைப் பற்றியும் எழுதுங்களேன்.

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்தாதீர்கள். தம்பியைக் கூட்டிக்கொண்டு இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், நடுக்கத்துக்கென்று இன்னொரு மாத்திரை சேர்க்கலாம். அதையெல்லாம் அவர் பார்த்துச் செய்வார். திடீரென்று நிறுத்தினால் அந்தக் குரல்கள் திரும்பி வரக்கூடும். இரண்டு வருடம் அவனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்ட நீங்கள், யாரோ பேசிய வீடியோவை நம்பி அவன் மருந்தில் கைவைக்கலாமா? கோபமாகத்தான் கேட்கிறேன்.

இந்த 'மகிழ்ச்சி தரும் டோபமைன்' என்ற பேச்சு கொஞ்ச நாளாகவே என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. போனைத் தொட்டால் டோபமைன், ஜிலேபி தின்றால் டோபமைன். மூளையில் அந்த ரசாயனத்துக்கு என்ன வேலை என்று தெரியவந்ததே அசையாமல் கிடந்த சில முயல்களால்தான்.

ஸ்வீடனின் லுண்ட் நகரம், 1957. மருந்தியல் ஆராய்ச்சியாளர் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்தெடுத்த மருந்து அது. ரத்தக்கொதிப்புக்கும் மனநோய்க்கும் அப்போது கொடுத்தார்கள். முயல்கள் காது தொங்கிப்போய்க் கல் மாதிரி உட்கார்ந்துவிட்டன. டோபமைனும் நாரட்ரினலினும் உண்டாகும் மூலப்பொருளான எல்-டோபாவை ஊசியில் ஏற்றினார். சற்று நேரத்தில் காது நிமிர்ந்தது, நடமாட ஆரம்பித்தன. ரெசர்பினால் குறைந்துபோன நாரட்ரினலின் என்ற மூளை ரசாயனம் திரும்ப ஊறியிருக்கும் என்று பார்த்தால், அது ஊறவே இல்லை. அப்படியானால் எழுப்பியது டோபமைனாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த வருடம் மூளையிலிருந்த டோபமைனையே அளந்து காட்டினார்கள்.

டோபமைன் என்ற பொருள் 1910-லேயே தெரியும். நாரட்ரினலினுக்கு முந்தைய படி, அவ்வளவுதான் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1960-ல் லண்டனில் கூடிய பெரிய விஞ்ஞானிகளும் கார்ல்சனை நம்பவில்லை. நோபல் பரிசு 2000-ல் வந்தது, 77 வயதில். உங்கள் தம்பி சாப்பிடும் வகை மருந்துகள் மூளையில் எந்த வாசலை அடைக்கின்றன என்று 1963-ல் தடம் காட்டியவரும் அவர்தான். டோபமைன் வேலை செய்யும் அந்த வாசல் அதிகமாக அடைபட்டால் கை நடுங்கும்.

என் சித்தப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். அதில் மூளையில் டோபமைன் குறைந்துபோகும். காலையில் டம்ளரைத் தூக்கினால் பாதிக் காப்பி வேட்டியில். மாத்திரை போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் சுவரில் சாய்ந்திருப்பார். அப்புறம் சட்டைப் பொத்தானைத் தானே போடுவார், மேலிருந்து ஒவ்வொன்றாக. சித்தி கிட்டே வரக்கூடாது. அந்த மாத்திரையில் இருந்ததும் எல்-டோபாதான். மூளைக்குள் போய் டோபமைனாக மாறும். மகிழ்ச்சியா? அவர் முகத்தில் அப்படி ஒன்றையும் நான் பார்த்ததில்லை. கடைசிப் பொத்தான் துளைக்குள் போகும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பார்.

தம்பிக்கு நடுக்கம் எப்போது கூடுகிறது, மாத்திரை போட்டு எத்தனை மணி நேரம் கழித்து என்று ஒரு தாளில் குறித்து எடுத்துப்போங்கள். அவனையே எழுதச் சொல்லுங்கள். எழுத்து எப்படிக் கோணுகிறது என்பதையும் டாக்டர் பார்க்கட்டும்.