பழைய ஹெமியா, புதிய கேம்ரியா?

போன இதழில், அமெரிக்க கார் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட் பக்கம் வேலை பார்த்த நாட்களைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டேன். அதன் விளைவு, இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதி அமெரிக்க மஸில் கார்களைப் பற்றி. சரி, மொத்தமாகவே பார்த்துவிடுவோம்.

கேள்வி: மஸில் கார் என்றால் சரியாக என்ன? மஸ்டாங்கை அப்படிச் சொன்னால் என் அண்ணன் சண்டைக்கு வருகிறான். (வாசகர், சேலம்)

அண்ணன் விவரமானவர், ஆனால் கொஞ்சம் கறார். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் 2,368 டாலர் விலையில் வந்த ஃபோர்டு மஸ்டாங்குக்கு 'போனி கார்', அதாவது சின்ன ஸ்போர்ட்டி கார், என்று பெயர். அடிப்படை மாடலில் இருந்தது ஆறு சிலிண்டர் எஞ்சின்தான். மஸில் கார் என்பது வேறு வேலை. குடும்பத்துக்கென்று செய்த நடுத்தர சைஸ் காரில், பெரிய காருக்கான எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினைத் தூக்கிப் போடுவது. அதே 1964-ல் ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவு கொண்டுவந்த ஜிடிஓவைத்தான் பலரும் முதலாவதாகச் சொல்வார்கள். அந்த சைஸ் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடத்தின் கட்டளை. பான்டியாக்கின் தலைமை எஞ்சினியர் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் 389 கன அங்குல எஞ்சினை, அதாவது 6.4 லிட்டர், தனி மாடலாகக் காட்டாமல் டெம்பெஸ்ட் காருக்கான ஒரு 'ஆப்ஷன்' என்று பட்டியலுக்குள் நுழைத்துவிட்டார்கள். முதல் வருஷமே 32,450 வண்டி போனது, அப்புறம் மேலிடம் என்ன பேசும்? பின்னால் மஸ்டாங்கிலும் பெரிய பெரிய வி8 வந்தது, அவற்றை டெட்ராய்ட்காரர்களே மஸில் கார் என்றுதான் சொல்கிறார்கள். அண்ணனிடம் இதையும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: இன்றைய சாதாரண டொயோட்டா கேம்ரியே அந்தக் காலத்து மஸில் காரை முந்திவிடும் என்கிறார்களே. அப்படியானால் அதற்கு ஏன் இவ்வளவு விலை, இவ்வளவு பைத்தியம்? (வாசகர், திருப்பூர்)

முந்திவிடும். அதில் மறைக்க ஒன்றும் இல்லை. கிரைஸ்லரின் 426 கன அங்குல 'ஹெமி' வி8 எஞ்சினுக்குக் காகிதத்தில் 425 குதிரைத்திறன். ஆனால் அந்தக் கணக்கே, எஞ்சினைத் தனியாக மேடையில் ஏற்றி, ஏர் ஃபில்டரும் சைலன்சரும் இல்லாமல் அளந்த கணக்கு. 1972 வாக்கில்தான் காரில் இருக்கும் நிலையில் அளந்த எண்ணைப் போடத் தொடங்கினார்கள், உடனே எல்லார் எண்ணும் மளமளவென்று இறங்கியது. அமெரிக்காவில் 2024 வரை விற்ற வி6 கேம்ரியின் 301 குதிரைத்திறன் நேர்மையான எண். நூறு கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் ஆறு விநாடி, அதுவும் ஏசி போட்டு, பின்சீட்டில் பாட்டி தூங்கிக்கொண்டிருக்க.

அதனால் வேகத்தை வைத்துப் பழைய காருக்கு வக்காலத்து வாங்குபவர்களை நம்பாதீர்கள். எனக்கு விஷயம் புரிந்தது பக்கத்து வீட்டுப் பெரியவரால். காலமெல்லாம் ஃபோர்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வைத்திருந்ததோ செவ்ரோலே செவெல், 1970. (ஏன் என்று கேட்டால் சிரிப்பார், பதில் வராது.) குளிர் காலையில் அதைக் கிளப்புவது ஒரு சடங்கு. முதலில் ஆக்ஸிலரேட்டரை இரண்டு தடவை முழுசாக மிதித்து விடுவார், சோக் விழுவதற்கு. அப்புறம் சாவி. இருமும், அணையும், மறுபடி இருமும், பிடித்துக்கொள்ளும். நின்ற இடத்தில் ஒரு மிதி மிதித்தால், எஞ்சினின் முறுக்கில் கார் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிரும், வயதான யானை ஒரு கால் மாற்றி நிற்பது மாதிரி. பெட்ரோல் வாசனை சட்டையில் சாயங்காலம் வரை இருக்கும். பானெட்டைத் திறந்து, ஸ்க்ரூ டிரைவரைக் கார்புரேட்டரில் வைத்து, காதைச் சாய்த்துக் கால் திருப்பு, அரைத் திருப்பு. சத்தம் சீராகும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்.

என் காரில் பானெட்டைத் திறந்தால் கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று, அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று எனக்கும் தெரியாது, மெக்கானிக்கும் கம்ப்யூட்டரைச் செருகித்தான் தெரிந்துகொள்கிறார். இது குறை இல்லை, பத்து வருஷமாக ஒரு நாள் கூட என்னை வழியில் விட்டதில்லை. ஆனால் யாரும் அதைப் பார்க்க வெளியே வந்து நின்றதும் இல்லை. ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில், 1995 முதல், 2020 தவிர வருஷா வருஷம், பழைய கார்களின் ஊர்வலம் நடக்கிறது. ரோட்டோரம் மடக்கு நாற்காலி போட்டு, தேர் பார்க்கிற மாதிரி ஜனம் உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு காரணம், இவை பணக்காரர் கார்கள் இல்லை. கிரைஸ்லரின் 1968 பிளைமவுத் ரோடு ரன்னரின் விலை 2,896 டாலரில் தொடங்கியது. தரையில் கார்ப்பெட்டுக்குப் பதில் ரப்பர் பாய், ஆடம்பரம் எல்லாம் கழித்துக்கட்டி எஞ்சினில் மட்டும் காசு. அதே கம்பெனி, 'ரோடு ரன்னர்' என்ற கார்ட்டூன் பறவையின் பெயருக்கும் படத்துக்கும் வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்து, ஹாரனையும் 'பீப் பீப்' என்று அடிக்க வைத்தது. வேலைக்குச் சேர்ந்த இளைஞன் தவணையில் வாங்கினான். அவன் வாங்க வாங்க இன்சூரன்ஸ் கம்பெனிகள் பிரீமியத்தை ஏற்றின, 1970-ல் காற்று மாசுச் சட்டம் இறுகியது, 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பத்து வருஷத்துக்குள் ஆட்டம் முடிந்தது. அந்த இளைஞனுக்கு ஐம்பது வயதானபோது கையில் காசு இருந்தது, கார்தான் இல்லை. விலை ஏறியதில் பாதிக் கதை இதுதான்.

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறேன். 40,000 டாலர் சேர்த்து வைத்திருக்கிறேன். பழைய மஸில் கார் வாங்கிப் போட்டால் முதலீடாக இருக்குமா? (வாசகர், எடிசன்)

முதலீடு என்றால் வேண்டாம். ஆசை என்றால் மேலே படியுங்கள்.

1971 பிளைமவுத் ஹெமி குடா கன்வெர்டிபிள் ஒன்று 2014-ல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது, உண்மை. ஆனால் அந்த வகையில் மொத்தம் செய்ததே 11 கார். 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய 1968 மஸ்டாங்கை ஒரு குடும்பம் 1974-ல் 6,000 டாலருக்கு வாங்கி வீட்டுக் காராக ஓட்டியது, மெக்வீனே 1977-ல் கடிதம் எழுதிக் கேட்டும் கொடுக்கவில்லை, கிளட்ச் போனதும் நிறுத்தி வைத்தார்கள். 2020-ல் ஏலத்தொகை 34 லட்சம் டாலர். அதுவும் பெயிண்ட் உரிந்து, துருப்பிடித்த கோலத்திலேயே. புதுசாக்கியிருந்தால் அவ்வளவு வந்திருக்காது என்பது என் எண்ணம். இந்த மாதிரிக் கதை உங்கள் 40,000-க்குக் கிடைக்காது.

உங்கள் விலையில் கிடைப்பதில் போலிகள் அதிகம். சாதாரண எஞ்சினோடு பிறந்த பாடியில் பிற்பாடு ஹெமியை வைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, 'குளோன்' என்று சொல்லியும் விற்பார்கள், சொல்லாமலும் விற்பார்கள். கிரைஸ்லர் வண்டி (பிளைமவுத், டாட்ஜ் உட்பட) என்றால் வின் நம்பரில், அதாவது காரின் அடையாள எண்ணில், ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள்: 426 ஹெமிக்கு 1970, 71 மாடலில் அது 'ஆர்', 1968, 69 மாடலில் 'ஜே'. அந்த வருஷத்துக்கு உரிய எழுத்து அங்கே இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். எஞ்சினில் குத்திய எண் காரின் எண்ணோடு பொருந்துகிறதா என்பது அடுத்தது. அந்த காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று தொழிற்சாலையில் எழுதிய பில்ட் ஷீட் சில சமயம் பின்சீட்டு ஸ்பிரிங்குக்குள் மடங்கிக் கிடக்கும், அந்தக் கிழிந்த தாளுக்கே மதிப்பு உண்டு.

அப்புறம் துரு. நண்பன் ஒருவனுக்கு ரோடு ரன்னர் பார்க்க ஒஹையோ வரை போனோம். போட்டோவில் கண்ணாடி மாதிரி மின்னியது. ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். கதவில் ஒட்டியது, பானெட்டில் ஒட்டியது, பின் சக்கரத்துக்கு மேலே வைத்தால் பொத்தென்று கீழே விழுந்தது. உள்ளே தகடே இல்லை, விரல் கனத்துக்குப் பட்டிதான். விற்க வந்தவர் காந்தத்தைப் பொறுக்கி என் கையில் கொடுத்துவிட்டு, விலையை மூவாயிரம் குறைத்தார். திரும்பி வந்துவிட்டோம்.

2008 நெருக்கடியில் இந்தச் சந்தை இறங்கியதையும் மறக்க வேண்டாம். இளவயதில் இதற்கு ஏங்கிய தலைமுறைக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. இன்றைய நாற்பது வயதுக்காரன் தேடுவது டொயோட்டா சுப்ராவையும் நிசான் ஸ்கைலைனையும். அதனால் ஓட்டுவதற்காக, 289 கன அங்குல வி8 போட்ட சாதாரண 1965, 66 மஸ்டாங் ஒன்றைப் பாருங்கள். 12 லட்சத்துக்கும் மேல் செய்த கார், உதிரி பாகம் எதுவும் கிடைக்கும், பழைய மஸ்டாங்கின் முழு பாடியையே புதுத் தகட்டில் அடித்து விற்கிறார்கள். பத்தாயிரத்தைக் கையில் மிச்சம் வையுங்கள். தேவைப்படும்.

கேள்வி: கணவர் 1966 செவெல் வாங்கியிருக்கிறார். ஐந்து வயது மகனைப் பின்சீட்டில் வைத்து ஞாயிறுதோறும் சுற்றப் போகலாம் என்கிறார். எனக்கு பயமாக இருக்கிறது. (வாசகி, டாலஸ்)

உங்கள் பயம் நியாயம். அந்த காரில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே சர்க்யூட், எங்கே கசிந்தாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 1967-லிருந்துதான் இரண்டாகப் பிரித்தார்கள். நான்கும் டிரம் பிரேக். மோதினால் ஸ்டியரிங் தண்டு மடங்காது. பின்சீட்டில் இடுப்பு பெல்ட் மட்டும், அதில் பூஸ்டர் சீட் (குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை) வைக்கவே கூடாது, தோள் பெல்ட் இல்லாமல் அதற்கு அர்த்தமில்லை. 2009-ல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் பாதுகாப்பு அமைப்பு, 1959 செவ்ரோலே பெல் ஏரையும் 2009 மாலிபுவையும் 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டுக் காட்டியது. 'பழைய இரும்பு, கெட்டி' என்பவர்கள் அந்த வீடியோவைப் பார்க்கட்டும். பெல் ஏரின் கூண்டு சப்பென்று நசுங்கியது, மாலிபு ஓட்டுநர் காலில் சின்ன அடி பட்டதோடு தப்பியிருப்பார்.

கணவரிடம் சண்டை வேண்டாம். இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர், முன்சக்கர டிஸ்க், ரேடியல் டயர், மூன்று முனை பெல்ட், எல்லாம் கிட்டாகவே கிடைக்கும். அதைப் போட்டு முடிக்கட்டும், மகன் பூஸ்டர் வயதைத் தாண்டட்டும். அதுவரை அப்பா தனியாகச் சுற்றிவிட்டு வரலாம்.

கேள்வி: எலெக்ட்ரிக் மஸில் கார் வந்துவிட்டதாமே? (வாசகர், புதுச்சேரி)

வந்தது. டாட்ஜ், சேலஞ்சர் வி8-ஐ 2023 டிசம்பரோடு நிறுத்திவிட்டு சார்ஜர் டேடோனாவை மின்சாரத்தில் கொண்டுவந்தது. நல்ல வேகம். எக்ஸாஸ்ட் சத்தத்தை ஒரு கருவி வைத்துச் செயற்கையாக எழுப்புகிறார்கள். எனக்கு அது வாயசைத்துப் பாடுகிற கச்சேரி.

கேள்வி: எல்லாம் சரி, மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்? (வாசகர், திருநெல்வேலி)

லிட்டருக்கு 4 கிலோமீட்டர், மனசு வைத்தால் 5. ஹெமியில் நான்கு வாய் கார்புரேட்டர் இரண்டு உண்டு. எட்டு வாய்க்கும் பெட்ரோல் ஊற்ற வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.