கோட்டுக்கு உள்ளே ஓட்டு, வெளியே வழக்கு: புதிய நகரங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

செயின்ட் ஜார்ஜ் என்ற புதிய நகரத்துக்கு லூசியானா மாநில உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26 அன்று வழிவிட்டது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, புறநகர்கள் தனி நகரமாவது பற்றி அமெரிக்காவில் இருக்கும் நம் வாசகர்கள் நிறையக் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கே: புறநகரில் குடியிருப்பவர்கள் கூடிப் பேசி, "இனி நாங்கள் தனி நகரம்" என்று சொன்னால் ஆகிவிடுமா? அரசாங்கம் அல்லவா அறிவிக்க வேண்டும்?

ப: லூசியானாவில் மக்கள்தான் தொடங்க வேண்டும். எந்த நகராட்சிக்கும் உட்படாத ஒரு பகுதியில் இருக்கும் பதிவான வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். எல்லை எது, மக்கள் எத்தனை பேர், சொத்து மதிப்பு என்ன, என்னென்ன சேவைகள், அவற்றை எப்படித் தரப்போகிறோம் என்பதெல்லாம் அந்த மனுவிலேயே இருக்க வேண்டும். வாக்காளர் பதிவாளர் கையெழுத்துகளைச் சரிபார்ப்பார். ஆளுநர் வாக்கெடுப்புக்கு உத்தரவிடுவார். பாதிக்கு மேல் "ஆம்" விழுந்தால் நகரம்.

செயின்ட் ஜார்ஜ் விவகாரத்தின் வேர் பள்ளிக்கூடம். மற்ற மாநிலங்களில் கவுன்ட்டி எனப்படும் மாவட்டம் போன்ற பிரிவுக்கு லூசியானாவில் பாரிஷ் என்று பெயர். தலைநகர் பேட்டன் ரூஜ் இருக்கும் கிழக்கு பேட்டன் ரூஜ் பாரிஷில் நகர நிர்வாகமும் பாரிஷ் நிர்வாகமும் 1940களின் கடைசியிலேயே ஒன்றாக்கப்பட்டவை. மேயரும் ஒருவரே, பணப்பெட்டியும் பெரும்பாலும் ஒன்றே. பாரிஷின் தென்கிழக்கில் இருந்த பெற்றோர்கள் தங்களுக்குத் தனிப் பள்ளி மாவட்டம் கேட்டார்கள். 2012, 2013 ஆண்டுகளில் சட்டமன்றத்தில் அது நிறைவேறவில்லை. தனிப் பள்ளி மாவட்டத்துக்குத் தேவையான அரசியல் சட்டத் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அது கிடைக்கவில்லை. அதே பாரிஷில் செண்ட்ரல் என்ற ஊர் 2005ல் நகரமானது, 2007ல் தனிப் பள்ளி மாவட்டமும் பெற்றது. முதலில் நகரம், பிறகு பள்ளி என்ற வரிசை அதிலிருந்து வந்ததுதான்.

2013ல் கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். 2015ல் எண்ணிப் பார்த்தபோது வெறும் 71 கையெழுத்து குறைந்தது. 2018ல் எல்லையைச் சுருக்கி மறுபடி மனுப் போட்டார்கள். முதல் வரைபடத்தில் சுமார் 1,07,000 பேர் இருந்தார்கள், இரண்டாவதில் சுமார் 86,000 பேர். 2019 அக்டோபர் 12 வாக்கெடுப்பில் 54 சதவீதம் பேர் "ஆம்" என்றார்கள்.

கே: மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்ததை நீதிமன்றம் எப்படி நாலரை வருடம் நிறுத்தி வைக்க முடிந்தது? இது ஜனநாயகத்துக்கு எதிரானதில்லையா?

ப: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்த ஓட்டுக்கு உரிமை கொடுத்த அதே சட்டம்தான், அடுத்த பிரிவிலேயே, பாதிக்கப்படும் அண்டை நகராட்சிக்கு வழக்குப் போடவும் உரிமை கொடுக்கிறது. வழக்கு வந்தால் நீதிமன்றம் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். மனு சட்டப்படி இருக்கிறதா? சொன்ன சேவைகளைப் புதிய நகரத்தால் நியாயமான காலத்துக்குள் தர முடியுமா? சுற்றியுள்ள நகராட்சிகளுக்கு வரும் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்தால், நகரமாவது நியாயமானதுதானா?

அப்போதைய பேட்டன் ரூஜ் மேயர் ஷாரன் வெஸ்டன் ப்ரூமும் வேறு சிலரும் 2019 நவம்பரில் வழக்குப் போட்டார்கள். 2022 மே மாதம் விசாரணை நீதிபதி வில்லியம் மோர்வான்ட் நகரமாவதை மறுத்தார். புதிய நகரம் வரவுக்கு மேல் செலவு செய்யும், பேட்டன் ரூஜுக்கு ஆண்டுக்குச் சுமார் 4.8 கோடி டாலர் நஷ்டம் வரும், ஆகவே இது நியாயமில்லை என்பது அவர் கணக்கு. 2023 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்தது, ஆனால் காரணம் வேறு. மனுவில் சேவைத் திட்டம் சட்டம் கேட்கிறபடி இல்லை என்றது. 2024ல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் தள்ளியது. திட்டம் போதும், சேவை தர முடியும், நகரமாவது நியாயமானதே என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள், மூன்று பேர் மறுத்தார்கள்.

ஒரே மனு, ஒரே சட்டம், மூன்று நீதிமன்றங்களில் மூன்று விதமான பதில். நீதிபதிகளைக் குறை சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. "நியாயமானது" என்ற அளவுகோலைச் சட்டம் அவ்வளவு அகலமாக விட்டுவிட்டது என்பதுதான் என் கருத்து. எவ்வளவு நஷ்டம் என்றால் அதிகம்? எத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த நஷ்டம் பொருட்டில்லை? சட்டத்தில் இதற்கு ஓர் எண்கூட இல்லை. கலிஃபோர்னியாவில் 1992 முதல் வேறு விதி இருக்கிறது. புதிய நகரத்துக்குப் போகும் வருமானமும், கவுன்ட்டியின் தோளிலிருந்து இறங்கும் செலவும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஈடு எப்படி என்று முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும். இந்தக் கணக்கு ஓட்டுப்பெட்டி வருவதற்கு முன்பே நடக்கிறது. லூசியானாவில் ஓட்டு முடிந்து, ஊரே இரண்டாகப் பிரிந்து நின்ற பிறகு சாட்சிக் கூண்டில் நடந்தது. எது மக்களுக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கே: பேட்டன் ரூஜ் நகரத்தில் என் தம்பி குடும்பம் இருக்கிறது. அவர்கள் ஊர் வருமானம் குறையும் விஷயத்தில் அவர்களுக்கு ஏன் ஓட்டு இல்லை? இதை எதிர்த்து வழக்குப் போட முடியாதா?

ப: போடலாம், ஆனால் ஜெயிப்பது மிகக் கடினம். 1907ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிட்ஸ்பர்க் வழக்கில் ஒரு முடிவு சொன்னது. பக்கத்தில் இருந்த அலகேனி நகரத்தை அதன் மக்கள் விருப்பத்துக்கு எதிராகப் பிட்ஸ்பர்க்குடன் சேர்த்தார்கள். அதைக் கேள்வி கேட்டபோது, நகரங்கள் மாநிலத்தின் படைப்பு, அவற்றைக் கூட்டவும் குறைக்கவும் கலைக்கவும் மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றது நீதிமன்றம். யாருக்கு ஓட்டு என்பதையும் மாநிலச் சட்டமே தீர்மானிக்கிறது. லூசியானா சட்டம் கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கொடுக்கிறது.

உங்கள் தம்பி வீட்டுக்கு இது ஏன் முக்கியம் என்றால், லூசியானாவில் சொந்த வீட்டின் முதல் 75,000 டாலர் மதிப்புக்குப் பெரும்பாலான சொத்து வரி கிடையாது. அதனால் உள்ளாட்சிகள் விற்பனை வரியை நம்பியே வாழ்கின்றன. தென்கிழக்குப் புறநகரின் கடைகளில் வசூலாகும் இரண்டு சதவீத வரி முன்பு பொதுப் பணப்பெட்டிக்குப் போனது. அந்தப் பணம் யாருடையது என்பதுதான் இந்த வழக்கின் அடியில் கிடக்கும் கேள்வி. புறநகர்க்காரர்கள் "எங்கள் பணம், எங்களுக்குச் செலவாகவில்லை" என்றார்கள். நகரத்தார் "எங்கள் மக்களும்தான் அங்கே வந்து வாங்குகிறார்கள்" என்றார்கள். இரண்டும் உண்மை. ஆனால் ஓட்டு ஒரு தரப்புக்குத்தான் இருந்தது. மறு தரப்புக்கு நீதிமன்றம் ஒன்றுதான் வாசல். அதனால்தான் அந்த மூன்றாவது கேள்வி, அண்டை ஊருக்கு வரும் பாதிப்பு, சட்டத்தில் இருந்தே ஆக வேண்டும் என்கிறேன். தெளிவில்லாமல் இருப்பது குறைதான், அதற்காக அதை எடுத்துவிடக் கூடாது.

கே: ஒரு மாலும் மருத்துவமனைகளும் கடைசி நேரத்தில் "நாங்கள் வரவில்லை" என்று விலகினதாகக் கேள்விப்பட்டேன். அப்படி முடியுமா?

ப: முடிந்தது. 2014ல், முதல் மனுவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோதே, மால் ஆஃப் லூசியானாவும், "அவர் லேடி ஆஃப் த லேக்" (Our Lady of the Lake), பேட்டன் ரூஜ் ஜெனரல் ஆகிய மருத்துவமனைகளும் பேட்டன் ரூஜ் எல்லைக்குள் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுச் சேர்ந்தன. லோபெர்ஜ் சூதாட்ட விடுதியும் அப்படித்தான். ஒரு நிலம் ஏற்கெனவே ஒரு நகராட்சிக்குள் போய்விட்டால் புதிய நகரத்தின் கோட்டுக்குள் அதைக் கொண்டுவர முடியாது. பெரிய மால் போனால் அதன் விற்பனை வரியும் போகும். ஆகவே இப்படிப்பட்ட இடங்களில் கையெழுத்து இயக்கமும் எல்லை சேர்ப்பும் போட்டி போட்டுக்கொண்டு நடக்கும். இந்தச் சேர்ப்புகளை எதிர்த்தும் வழக்குகள் நடந்தன.

கே: நேராகவே கேட்கிறேன். வசதியான வெள்ளைக்காரப் பகுதி ஏழைகளையும் கறுப்பின மக்களையும் விட்டுவிட்டுத் தனியாகப் போகிறது. வாக்குரிமைச் சட்டத்தில் இதைத் தடுக்க வழி இல்லையா?

ப: கேட்க வேண்டிய கேள்வி. கிழக்கு பேட்டன் ரூஜ் பாரிஷில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கறுப்பின மக்கள். செயின்ட் ஜார்ஜுக்காக வரைந்த எல்லைக்குள் அவர்கள் 15 சதவீதத்துக்கும் குறைவு. எல்லையைச் சுருக்கியபோது அடுக்குமாடிக் குடியிருப்புகளும் கறுப்பின மக்கள் வசிக்கும் தெருக்களும் விட்டுப்போயின என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். கையெழுத்துக் குறைவாக விழுந்த இடங்களைத்தான் விட்டோம் என்றார்கள் அமைப்பாளர்கள்.

எல்லைக்கோட்டை நீதிமன்றம் இனப் பாகுபாட்டுக்காக ரத்து செய்த முன்மாதிரி உண்டு. அலபாமாவின் டஸ்கீகி நகரம் சதுரமாக இருந்தது. 1957ல் சட்டம் போட்டு அதை 28 பக்கங்கள் கொண்ட விசித்திர வடிவமாக்கினார்கள். நகரத்தில் இருந்த சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நான்கைந்து பேரைத் தவிர எல்லோரும் வெளியே தள்ளப்பட்டார்கள். ஒரு வெள்ளை வாக்காளர்கூட வெளியே போகவில்லை. 1960ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாநிலத்தின் அதிகாரம் எவ்வளவு பெரிதானாலும் இதற்கு அது உதவாது என்றது.

ஆனால் அந்த வழக்கில் ஏற்கெனவே இருந்த நகர ஓட்டு பறிக்கப்பட்டது. புதிய நகரத்துக்கு வெளியே விடப்பட்டவர் பழைய இடத்திலேயே, பழைய ஓட்டோடு இருக்கிறார். இந்த வித்தியாசம்தான் பின்னால் வந்த வழக்குகளைச் சாய்த்தது. ஜார்ஜியாவில் சாண்டி ஸ்ப்ரிங்ஸ், ஜான்ஸ் கிரீக், மில்டன், டன்வுடி போன்ற புதிய நகரங்கள் சிறுபான்மையினரின் வாக்கு பலத்தைக் குறைக்கின்றன என்று, சிவில் உரிமைப் போராட்ட மூத்தவரான ஜோசஃப் லோவரியும் மற்றவர்களும் 2011ல் வழக்குப் போட்டார்கள். அது தள்ளுபடியாகி, 2013ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது. வாக்குரிமை வழியாகப் போவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. பணத்தைப் பற்றிய வாதம்தான் நீதிமன்றத்தில் நிற்கிறது. பேட்டன் ரூஜ் தரப்பு விசாரணை நீதிமன்றத்தில் ஜெயித்ததும் அந்த வாதத்தால்தான். பள்ளிகள் மறுபடி இன வாரியாகப் பிரிவதுதான் உங்கள் கவலையென்றால், பள்ளி மாவட்டம் பற்றிய ஓட்டின்போது பேச வேண்டும்.

கே: அட்லாண்டா புறநகரில் இருக்கிறேன். எங்கள் பகுதியையும் நகரமாக்க வேண்டும் என்று ஒரு குழு வீடு வீடாக வருகிறது. வரி கூடுமா? ஆதரிக்கலாமா?

ப: முதலில் ஒன்று: ஜார்ஜியாவில் கையெழுத்து மனுவால் நகரம் பிறப்பதில்லை. மாநிலச் சட்டமன்றம் தனிச் சட்டம் போட வேண்டும், அதன் பிறகுதான் உங்கள் ஓட்டு. சாண்டி ஸ்ப்ரிங்ஸ் மக்கள் முப்பது வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2004 தேர்தலில் சட்டமன்றப் பெரும்பான்மை மாறிய பிறகுதான் நடந்தது. 2005 ஜூனில் 94 சதவீதம் "ஆம்". ஆனால் எல்லோரும் அப்படிப் போடுவதில்லை. 2022 மே மாதம் காப் கவுன்ட்டியில் ஈஸ்ட் காப், வைனிங்ஸ், லாஸ்ட் மவுன்டன் மூன்றுமே "வேண்டாம்" என்றன. அதே கவுன்ட்டியில் மேபிள்டன் நவம்பரில் "ஆம்" என்றது.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் சாத்தியக்கூறு ஆய்வைக் கேட்டு வாங்குங்கள். அது எந்த ஆண்டுக் கணக்கை வைத்துச் செய்யப்பட்டது, காவல், தீயணைப்பு இரண்டும் அதில் உண்டா, நகரச் சாசனத்தில் சொத்து வரிக்கு உச்சவரம்பு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சேவைகளைத் தனியார் நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்தால் மலிவு என்று சொன்னால், சாண்டி ஸ்ப்ரிங்ஸே அப்படித் தொடங்கி 2019ல் பெரும்பாலான வேலைகளைத் தானே எடுத்துக்கொண்டது என்பதை நினைவில் வையுங்கள்.

வரவுக் கணக்கில் மாநில அரசிடமிருந்து வரும் தொகை பெரிதாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். கலிஃபோர்னியாவின் ஜுருபா வேலி 2011 ஜூலை 1ல் நகரமானது. அதற்குச் சற்று முன்னால்தான் மாநில அரசு, புதிய நகரங்களுக்குக் கொடுத்துவந்த வாகனக் கட்டணப் பங்கை நிறுத்தியது. பிறந்த அன்றே பட்ஜெட்டில் ஓட்டை. நகரத்தைக் கலைத்துவிடலாமா என்று பேசும் அளவுக்குப் போய், 2017ல் மாநிலம் உதவிய பிறகுதான் மூச்சு வந்தது.

கே: அட்லாண்டாவின் பக்ஹெட் பகுதியைத் தனி நகரமாக்கும் முயற்சி ஏன் நடக்கவில்லை?

ப: அது ஏற்கெனவே அட்லாண்டா நகரத்துக்குள் இருக்கும் பகுதி. எந்த நகராட்சியிலும் இல்லாத நிலத்தைப் போல அல்லாமல், அங்கே முதலில் பிரித்தெடுக்க வேண்டும். அட்லாண்டா பத்திரம் வெளியிட்டு வாங்கிய கடனை யார் கட்டுவது, பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போவார்கள் என்று ஆளுநர் கெம்ப்பின் சட்ட ஆலோசகரே எழுதிக் கேட்டார். 2023 மார்ச்சில் அதற்கான மசோதா மாநில மேலவையில் 33க்கு 23 என்று தோற்றது.

கே: செயின்ட் ஜார்ஜில் வீடு பார்க்கிறோம். நகரமானதால் பிள்ளைகளுக்குப் புதிய பள்ளி மாவட்டம் வந்துவிட்டதா? போலீஸ் யார்?

ப: வரவில்லை. நகரமானதால் மட்டும் பள்ளி மாறாது. தனி மாவட்டத்துக்கு மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும். அதற்கு மாநிலம் முழுவதும் பெரும்பான்மை வேண்டும், கிழக்கு பேட்டன் ரூஜ் பாரிஷிலும் தனியாகப் பெரும்பான்மை வேண்டும். 2025ல் சட்டமன்றம் அந்தத் திருத்தத்தை மக்கள் ஓட்டுக்கு அனுப்ப முடிவு செய்தது. நகரத்துக்கான ஓட்டில் இடம் கிடைக்காதவர்களுக்கு இதில் இடம் உண்டு. ஆகவே விற்பவர் சொல்லும் பள்ளிப் பெயரை நம்பி விலை பேச வேண்டாம். பாரிஷ் பள்ளி அலுவலகத்தில் அந்த முகவரியைச் சொல்லி எந்தப் பள்ளி என்று கேட்டுவிடுங்கள். காவலுக்குப் பாரிஷ் ஷெரிஃப் இருக்கிறார். தீயணைப்புக்கு, நகரம் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இருக்கும் செயின்ட் ஜார்ஜ் தீயணைப்பு மாவட்டம் இருக்கிறது.