ஓசியான் போகிறவர்களுக்கு

ஐயா, டிசெம்பரில் மனைவியுடன் இந்தியா செல்கிறேன். ஜோத்பூருக்கு அருகே, பாலைவனத்திலுள்ள ஓசியான் கிராமத்தின் பழைய கோயில்களைப் பார்க்க விரும்புகிறோம். அரை நாள் போதும் என்கிறார்கள். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. தங்கள் ஆலோசனை என்ன?
– கல்லடி வாசகர்

அன்புள்ள ஐயா,

அரை நாள் போதாது. ஜோத்பூரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 65 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஓசியானுக்கு பஸ் உண்டு. ஜெய்சல்மேர் புகையிரதப் பாதையில் அங்கு ஒரு நிலையமும் இருக்கிறது. பகலில் போய் ஒட்டகச் சவாரியோடு திரும்புகிறவர்கள், மலைமேல் இருக்கும் சச்சியாய் மாதா கோயிலை மட்டும் பார்த்துவிட்டு, அந்த ஊரின் மிகப் பழைய செல்வமான ஹரிஹரர் கோயில்களைக் கடந்து வந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. ஆகவே ஓர் இரவு தங்குங்கள்.

வட இந்தியாவை ஆண்ட பிரதிகார மன்னர்கள் காலத்து, 8ஆம் நூற்றாண்டை ஒட்டிய அக்கோயில்கள் உயர்ந்த மேடைகளின்மீது நிற்கின்றன. சாய்வான காலை வெயிலில் சுவரருகே நின்று பாருங்கள்: ஒரே உடலில் வலப்பாதி சிவனாகவும் இடப்பாதி திருமாலாகவும் நிற்கும் உருவத்தில், சடைமுடி முடிந்து கிரீடம் தொடங்கும் இடத்தை அந்த ஒளியில்தான் தெளிவாகக் காணலாம். மேடை ஏறுவது மனைவிக்குச் சிரமமானால், கீழே சுற்றிவந்தே பல சிற்பங்களைப் பார்க்கலாம். சச்சியாய் மாதா கோயிலுக்குத் தோரணங்களின் கீழே நீளும் படிகள் ஏறவேண்டும். அதை மாலையில், அவசரமின்றி, இடையிடையே அமர்ந்து ஏறுங்கள். நவராத்திரியில் அங்கே பெருங்கூட்டம் கூடும்; உங்களுக்கு அந்தத் தொல்லை இராது.

நம்மூர் வெயிலில் வியர்வை சட்டையோடு ஒட்டிக்கொள்வதால் உடனே தண்ணீர் தேடுகிறோம். அங்கே காற்று வறண்டது. வியர்வை தெரியாமலே காய்ந்துவிடும், தாகம் எடுக்கும்போது உடல் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். டிசெம்பர் வெயில் கடுமையானதல்ல என்றாலும், தண்ணீரோடு, அதில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பொதிகளும் கைவசம் இருக்கட்டும். மட்டக்களப்பார் பெரும்பாலும் மறப்பது கம்பளிச் சட்டையை: விடியற்காலைக் குளிர் நமக்குப் பழக்கமில்லாதது, நீங்கள் ஹரிஹரர் கோயில்களுக்குப் போகவேண்டியதோ அந்த நேரத்தில்தான்.

அதன்பின் மகாவீரர் கோயிலுக்குச் செல்லுங்கள். பிரதிகார மன்னன் வத்சராஜன் காலத்தில் எழுந்த அது இன்றும் வழிபாட்டில் இருக்கும் சமணக் கோயில். தோல் வார், தோல் பணப்பை எதையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள், படம் எடுக்கலாமா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.