துவக்குச் சோங்கு வெடித்தால்

கேள்வி: அப்புவின் பழைய துவக்கு உரிமத்தோடு இப்போது என் பெயரில் இருக்கிறது. பன்றிக் காவலுக்குப் போனபோது வரம்பில் விழுந்து, கை பிடிக்கும் மெல்லிய இடத்தில் சோங்கு, அதாவது துவக்கின் மரப்பகுதி, கீறி வெடித்துவிட்டது. ஒட்டலாமா ஐயா?
- வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: ஒட்டலாம் தம்பி. முதலில் தோட்டா உள்ளே இல்லை என்று இரண்டு தரம் பாருங்கள். அப்புறம் மரத்தை இரும்பிலிருந்து கழற்றுங்கள்.

பழைய சோங்குகள் பெரும்பாலும் வால்நட் மரம். பல வருட எண்ணெய் வெடிப்புக்குள் ஊறிக் கறுத்திருக்கும். அந்த எண்ணெய் இருக்கும்வரை எந்தப் பசையும் பிடிக்காது. சோக்குத் தூளை அசிட்டோனில் குழைத்து வெடிப்பின் மேல் அப்புங்கள். காய்ந்ததும் வெள்ளைத் தூள் பழுப்பாகியிருக்கும். அதுதான் வெளியே வந்த எண்ணெய். தட்டிவிட்டு, தூள் வெள்ளையாகவே நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். எனக்கு ஒரு சோங்குக்கு நான்கு நாள் பிடித்தது. அவசரப்பட்டு முன்பு ஒட்டியது ஒரே வெடியில் பிளந்தது.

வெடிப்பை மெல்ல விரித்து அரல்டைட் என்ற எபொக்சிப் பசையை அடிவரை இறக்குங்கள். சைக்கிள் டியூப்பைக் கீலமாக வெட்டி இறுக்கிச் சுற்றி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய முதிரை மர ஆணி ஒன்று இறக்கினால் இன்னும் பலம்.

மேலே ஆளிவிதை எண்ணெய் பூசலாம். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவிடுங்கள்.

சோங்கு இரண்டாக முறிந்திருந்தால் ஒட்ட வேண்டாம். உரிமமுள்ள துவக்குத் திருத்துநரிடம் புதிது போடுங்கள்.